முள்ளின் நிறம் யாருக்காக?

அழகு பார்க்கும் கண்ணுக்காகப் படைக்கப்பட்டதா, அன்றிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லாத இடத்திலும் தன்னளவில் நிற்பதா என்ற வினா மெய்யியலில் மிகப் பழையது. இதற்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் தாமரையையும் மயிலையும் அந்தி வானத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். கண்டவுடன் மனத்தைக் கவர்வன அவை ஆதலால், மனிதனை மகிழ்விக்கவே அவை அமைந்தன என்ற எண்ணமும் எளிதில் தோன்றிவிட்டது. அணுகுவோரை விலக்குவதற்கென்றே முள்ளை ஏந்தி நிற்கும் ஒரு செடி, அந்த முள்ளின் பொருட்டே அழகியதெனப் போற்றப்படுமானால், அப்போது அந்தப் பழைய வினா புதிய கூர்மை பெறுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு காக்டஸ் செடிகளை உலகெங்கும் மக்கள் வளர்ப்பதும், அவற்றின் வண்ண முட்களையும் பூக்களையும் கண்டு வியப்பதும், சில வேளைகளில் அவற்றுக்காகக் குற்றம் புரிவதும் இந்த வினாவை வெறும் ஏட்டுப் பொருளாக விட்டுவைக்கவில்லை.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வது தகும். கள்ளி என்னும் சொல் தமிழில் தொன்மையானது. ஆனால் சுடுகாட்டோடு சேர்த்துச் சங்கப் பாடல்கள் பேசும் கள்ளி, கீறினால் பால் வடியும் சதுரக்கள்ளி போன்ற இனமாகும். தாவரவியலார் அதனை ஆமணக்குக் குடும்பத்தில் வைப்பர். இக்கட்டுரை பேசும் காக்டஸ் குடும்பம் அதனின்றும் வேறானது, அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. அக்குடும்பத்தில் ரிப்சாலிஸ் பாக்சிபெரா என்னும் ஒரே இனம்தான், மரக்கிளைகளில் தொற்றித் தொங்கும் செடியாக, ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. உறவில்லாத இரு குடும்பங்கள் வறட்சி என்னும் ஒரே நெருக்கடிக்கு ஆட்பட்டு ஒத்த உருவத்தை அடைந்ததைக் குவிபரிணாமம் என்பர். தோற்றத்தால் மயங்காமல் காக்டஸை அறிவதற்கு ஓர் அடையாளம் உண்டு: அதன் தண்டில் புள்ளி புள்ளியாக, பஞ்சு ஒட்டியது போன்ற சிறு மெத்தைகள் காணப்படும், அரியோல் எனப்படும் இம்மெத்தைகள் சுருங்கிய கிளைகளே, முட்கள் இவற்றிலிருந்துதான் தோன்றுகின்றன.

அலங்காரச் செடியாக மதிக்கப்படும் சிறு காக்டஸ்களுள் பரோடியா என்னும் பேரினம் எடுத்துக்காட்டுக்கு மிகவும் ஏற்றது. பராகுவே நாட்டுத் தாவரங்களை ஆராய்ந்த தொமிங்கோ பரோடியின் பெயரால் 1923இல் கார்லோஸ் ஸ்பெகாசினி இப்பெயரைச் சூட்டினார். அர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் புல்வெளிகளிலும் இவ்வினங்கள் வளர்கின்றன. இவற்றுள் ஹாசெல்பெர்கி என்னும் இனத்தின் உருண்டை உடலை வெண்முட்கள் பனி மூடியதுபோல் போர்த்தியிருக்க, உச்சியில் செம்மஞ்சள் பூக்கள் கொத்தாக எழும். லெனிங்ஹௌசியின் பொன்னிற முட்கள் தொட்டால் மயிர்போல் வளைந்துகொடுக்கும். மைக்ரோஸ்பெர்மாவின் நடு முள்ளோ நுனியில் தூண்டிலாக வளைந்து சிவந்திருக்கும். கையால் தொட்டறியும்போதுதான் முள் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள் அடங்கியுள்ளன என்பது விளங்கும்.

இந்த முள் யாது? அது இலையின் மாற்றுருவம். இலை விரிந்திருந்தால் நீர் ஆவியாகிப் போகும் ஆதலால், இலையின் வேலையைத் தண்டு ஏற்றுக்கொள்ள, இலை முள்ளாகச் சுருங்கியது. முள் அடியிலிருந்து வளர்ந்து மேலெழும். வளர்ச்சி முடிந்ததும் அதன் உயிரணுக்கள் கெட்டிப்பட்டு இறந்துவிடும். எனவே மனிதன் வியந்து பார்க்கும் அந்தப் பொன்னும் செம்மையும் உயிர் நீங்கிய பொருளின் நிறங்கள். உயிருள்ள உடலைக் காப்பதற்காக இறந்த பகுதி வெளியே நிற்கிறது. மேயும் விலங்கைத் தடுப்பது அதன் ஒரு பணி மட்டுமே. அடர்ந்த முட்கள் பகலில் தண்டின்மேல் நிழல் பரப்புகின்றன, இரவில் குளிரைத் தடுக்கின்றன. சில இனங்களில் பனித்துளியைத் திரட்டி உடலின் பக்கம் வழியச் செய்கின்றன. அரிசோனாவிலும் வடமெக்சிகோவிலும் வளரும் எக்கினோசீரியஸ் ரிஜிடிசிமஸ் என்னும் வானவில் காக்டஸின் உடலில் இளஞ்சிவப்பும் வெண்மையும் பழுப்புமாக வளையங்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் எழுந்த புது முட்களின் நிறம் அப்படியே தங்கி இந்த வளையங்கள் ஆகின்றன. கண்ணுக்கு ஒப்பனையாகத் தோன்றுவது, உண்மையில் அச்செடி கடந்து வந்த காலத்தின் பதிவாகும்.

பூவும் இவ்வாறே தனக்குரிய பணியில் முனைந்திருக்கிறது. பரோடியாவின் உச்சியிலும் மாமில்லாரியா என்னும் மற்றொரு காக்டஸ் பேரினத்தின் முடியைச் சுற்றிய வட்டத்திலும் பூக்கள் பகலொளியில் விரிந்து மாலையில் மூடிக்கொள்கின்றன. சில நாட்களுக்குள் வாடிவிடுகின்றன. பரோடியாவின் சில இனங்களில் மஞ்சள் இதழ்களின் நடுவே சூல்முடி மட்டும் செந்நிறமாக நிற்கும். மனிதக் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியையும் தேனீக்கள் காண்பன ஆதலால், அவை காணும் பூ மனிதன் காணும் பூவாக இருப்பதில்லை. பெயரில் கள்ளி என்றிருந்தும் காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்த சப்பாத்திக்கள்ளியின் பூவில் தேனீ இறங்கியதும் மகரந்தத்தாள்கள் தாமே உள்நோக்கி வளைகின்றன. தொடுகையை உணர்ந்து விடையளிக்கும் இந்த அசைவை விரலால் மெல்லத் தொட்டும் காணலாம். ஆயினும் அந்த ஏற்பாடு விரலுக்காக அமைந்ததன்று.

இனி, அழகு யாருக்காக என்ற வினாவுக்குக் கூறப்பட்ட விடைகளை வரிசையாக ஆராயலாம். முதல் விடை இயற்கை இறையியல் எனப்படும் மரபினது. இயற்கைப் பொருள்களின் அமைப்பை ஆராய்ந்து அதனின்று கடவுளின் அறிவையும் கருணையையும் நிறுவ முற்பட்ட மரபு அது. இங்கிலாந்தில் ஜான் ரே 1691இலும் வில்லியம் பேலி 1802இலும் வெளியிட்ட நூல்கள் இதற்குச் சான்று. புதர்வெளியில் கிடக்கும் கடிகாரம் ஒரு கைவினைஞனைக் காட்டுவதுபோல உயிரின் நுட்பம் படைத்தவனைக் காட்டும் என்பது பேலியின் வாதம். இம்மரபில் வந்த பலர், இன்னும் ஓர் அடி முன்சென்று, அழகுடையவையெல்லாம் மனிதனின் மகிழ்ச்சிக்கென்றே ஆக்கப்பட்டவை என்று கருதினர். இதில் நன்றியுணர்வு உண்டு. அதனை எளிதாக ஒதுக்கிவிடல் ஆகாது. எனினும் சார்லஸ் டார்வின் தம் உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலின் பிந்திய பதிப்புகளில் இதற்கு எழுப்பிய தடை வலியது. மனிதனுக்காகவே அழகு உண்டாயிற்று என்றால், மனிதன் தோன்றுவதற்கு முன் உலகில் அழகு குறைந்திருந்தது என்று காட்ட வேண்டும். நுண்ணோக்கி இன்றிக் காண முடியாத நுண்பாசிகளின் எழில்மிகு ஓடுகள் யாருக்காக உண்டாயின என்றும் அவர் வினவினார். பூச்சிகள் தோன்றியிராவிட்டால் செடிகள் இத்தகைய வண்ணப் பூக்களைப் பெற்றிருக்க மாட்டா என்பது அவர் கண்ட முடிவு. காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் மனிதன் கால் பதித்ததோ சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான். அத்தனை நெடுங்காலம் அந்த முட்கள் மனிதக் கண் இன்றியே சிவந்தும் பொன்னிறம் பூண்டும் நின்றன.

இரண்டாம் விடை ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் அளித்தது. 1790இல் வெளிவந்த தீர்ப்பாற்றல் பற்றிய ஆய்வு நூலில், அழகைக் காணும் இன்பம் பயன் கருதாத இன்பம் என்றார். பசித்தவன் பழத்தை விரும்புவது போலவோ உரிமையாளன் தன் நிலத்தை விரும்புவது போலவோ அன்றி, பொருள் தனக்கு வேண்டும் என்ற எண்ணம் எழாமலே அதன் வடிவில் மனம் தோயும் நிலை அது. பூக்களை அவர் கட்டற்ற அழகுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார்; பூவின் உறுப்புகளுக்குரிய பணியைத் தாவரவியலார் அறிவர் என்றாலும், அழகியது என்று தீர்ப்புரைக்கும் கணத்தில் அவரும் அதனைக் கருதுவதில்லை என்பது அவர் விளக்கம். அதே நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. இயற்கையழகில் ஈடுபாடுடைய ஒருவரை ஏமாற்ற எண்ணி, அசலைப் போலவே செய்த செயற்கைப் பூக்களை ஒருவர் மண்ணில் நட்டுவைத்தால், உண்மை தெரிந்த அக்கணமே அவருடைய ஈடுபாடு மறைந்துபோகும் என்கிறார் காண்ட். கடைகளில் விற்கும் சில காக்டஸ்களின் உச்சியில், உலர்ந்த வைக்கோற்பூவைச் சூடான பசையால் ஒட்டி, பூத்த செடி என்று காட்டும் வழக்கம் இன்று உள்ளது. வாங்கியவர் வாரங்கள் கழிந்தும் வாடாத பூவைக் கண்டு ஐயுற்று இழுக்க, பசையோடு செடியின் தோலும் கிழிந்து வருகிறது. அவ்வேளையில் அவர் அடையும் மனக்கசப்பு வெறும் பண இழப்பால் வந்ததன்று. அழகை நாடியவர் தேடியது நிறத்தை மட்டும் அன்று, அந்த நிறத்தைத் தானே ஈன்ற ஓர் உயிரை என்பதற்கு அக்கசப்பே சான்று.

எனினும் காண்டின் விடையில் ஒரு குறை எஞ்சுகிறது. அழகுத் தீர்ப்பைப் பார்ப்பவனின் மனநிலையைக் கொண்டே அவர் விளக்குவதால், பார்க்கப்படும் உயிர் தனக்கென யாதேனும் கோருகிறதா என்ற வினா அங்கே பின்னுக்குப் போகிறது. இவ்விடத்தில் தமிழ் மரபின் சமயச் சிந்தனைகள் துணை நிற்கின்றன. சைவ சித்தாந்தம், உடல், கருவி, உலகம், நுகர்பொருள் என்னும் நான்கையும் தனு, கரணம், புவனம், போகம் என்று பெயரிட்டு, இவை உயிர்கள் பக்குவம் அடையும்பொருட்டு இறைவனால் அளிக்கப்பட்டவை என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் உலகம் மனிதனுக்காக என்ற கொள்கை போலவே தோன்றும். ஆனால் சித்தாந்தம் கூறும் உயிர்கள் மனிதரோடு முடிவன அல்ல. தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என்னும் எழுவகைப் பிறப்பிலும் உயிர் உண்டு. திருவாசகத்தின் சிவபுராணப் பகுதி தன் உயிர் எடுத்த பிறவிகளைக் கூறும்போது புல்லிலிருந்தே தொடங்குகிறது. அப்படியாயின் பாறையிடுக்கில் நிற்கும் அச்சிறு செடியின் உடல் அச்செடிக்குரிய தனு. அதன் முள்ளும் வேரும் அதற்குரிய கருவிகள். அது பருகும் பனித்துளி அதன் போகம். உலகம் உயிர்களுக்காக என்பதை ஏற்பவர், அந்த உயிர்களின் வரிசையில் செடியையும் வைத்தாக வேண்டும்.

தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் தொடு உணர்வாகிய உற்றறிவு ஒன்றே உடைய ஓரறிவுயிர்களாக வகுத்தது. சமணமும் தாவரங்களை ஒரு பொறியுடைய உயிர்களென்றே கொண்டு, அவற்றுக்கு இழைக்கும் ஊறும் வினையாகும் என்று கற்பித்தது. உண்ணாமல் வாழ முடியாத மனிதன் ஓரறிவுயிருக்கு ஊறு செய்யாமலே வாழ்வது அரிது என்பதையும் அச்சமயம் உணர்ந்திருந்தது. ஆகவேதான் துறவிக்கு முழுப் பற்றறுத்தலையும், இல்லறத்தாருக்குப் பொருளை வரையறுத்து வாழ்தலையும் நோன்பாக வகுத்தது. உயிர்வாழ்வதற்கு வேண்டியது ஓர் எல்லை. அதற்கு அப்பால் வெறும் உடைமைக்காகப் பற்றுவது மற்றோர் எல்லை. திருவள்ளுவர் வெஃகாமை என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பிறர்பொருள் விரும்பாமையை வற்புறுத்தினார். ஒரு மலைச்சரிவின் செடி அம்மலைக்கும் அதன் தேனீக்கும் உரிய பொருளாயின், அதனைப் பெயர்த்து வருவதும் வெஃகுதலே ஆகும் என்று அவ்வறத்தை விரித்துக் கொள்வதில் முரண் எதுவும் இல்லை.

இவ்விரிவு வெறும் சொல்லலங்காரம் அன்று என்பதை நடைமுறை காட்டுகிறது. 2015இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, ஆராயப்பட்ட 1,478 காக்டஸ் இனங்களுள் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன என்று அறிவித்தது. விளைநிலப் பெருக்கம், கால்நடை மேய்ச்சல் ஆகியவற்றோடு, தோட்ட வணிகத்துக்காகவும் தனியார் சேகரிப்புக்காகவும் காட்டிலிருந்து பெயர்த்தெடுப்பதும் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மெக்சிகோவின் கெரெத்தாரோ மாநிலத்தில் வளரும் மாமில்லாரியா ஹெரேரே என்னும் இனம், பின்னிய வெண்முட்களால் உடல் முழுதும் மூடப்பட்டுச் சிறு பந்துபோல் இருப்பது. அதன் பூவோ உடலின் அளவுக்கு ஒப்பாக இளஞ்சிவப்பில் விரிவது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. சட்டத்துக்குப் புறம்பாகப் பெயர்த்தெடுத்ததால், அது மிகக் கடுமையான அழிவாபத்துக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. 2020இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காக்டஸ்கள் பறிமுதல் செய்யப்பட்டன. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்திலிருந்து கடத்தப்பட்ட அவற்றுள் எண்ணூறுக்கும் மேற்பட்டவை மறு ஆண்டில் தாய்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. விலங்கிடமிருந்து காப்பதற்கு எழுந்த முள், மனிதனை அழைத்து வரும் விளம்பரமாக மாறியது இதிலுள்ள துயரம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய், பார்த்தல், உண்ணுதல் என்னும் இரு செயல்களைக் கொண்டு மனித வாழ்வின் பெருந்துயரை விளக்கினார். அழகியதைக் கண்டவுடன் அதனை விழுங்கித் தனதாக்கிக்கொள்ள மனம் விழைகிறது. ஆனால் விழுங்கிய பின் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே தொலைவில் நின்று பார்க்கக் கற்பதே அழகின்முன் மனிதன் பயில வேண்டிய தவம் என்பது அவர் சிந்தனையின் சாரம். மலையிலிருந்து பெயர்த்த காக்டஸ் இதற்கு நேரடியான எடுத்துக்காட்டாகும். பல பத்தாண்டுகள் காற்றும் வெயிலும் பட்டு வடிவம் பெற்ற செடி, வேர் அறுந்து பெட்டியில் அடைபட்டு வந்து, அயல்நாட்டுக் கண்ணாடி அறையில் அழுகிப்போனால், அதனை விரும்பியவரின் விருப்பமே அதனை இல்லாமல் ஆக்கியது என்பதன்றி வேறென்ன கூற முடியும்?

ஒரே குடும்பத்துச் செடிகளுக்கு மனிதன் அளித்த இருவேறு தீர்ப்புகளும் இங்கே நினைக்கத்தக்கன. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கவென்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் சப்பாத்திக்கள்ளியைப் பேணி வளர்த்தனர். பின்னர் அவ்வகைக் கள்ளிகள் நிலங்களில் பரவித் தொல்லையாயின. அப்போது அவை களை என்று பெயர் பெற்றன. 1920களில் கொச்சினீல் வகைப் பூச்சியொன்றை ஏவியே தென்னிந்தியாவில் அவை பெருமளவு அழிக்கப்பட்டன. செல்வம், களை, அலங்காரம் என்று மனிதன் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தான்; செடி தன் இயல்பில் சிறிதும் மாறவில்லை. பயனைக் கொண்டு இடும் பெயர் பயனோடு போய்விடும் என்பதால், ஓர் உயிரின் மதிப்பை அதன்மேல் நிறுத்த இயலாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். செடியைத் தொட்டியில் வளர்ப்பதே குற்றம் என்று இவ்வாதம் முடியுமாயின், அது அன்பையும் சேர்த்தே தடை செய்வதாகாதா? ஆகாது, பேணுதலும் பறித்தலும் வேறு வேறு. பரோடியா மைக்ரோஸ்பெர்மாவின் பெயருக்கே நுண்விதையுடையது என்று பொருள். தூசிபோன்ற அவ்விதையை ஈரமணலில் தூவி, முளைத்தவை குண்டூசித் தலையளவே இருக்கும் மாதங்களையெல்லாம் பொறுத்துக் காத்து, பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் வளர்ப்பவர் ஓர் உயிரின் காலத்துக்குத் தம் காலத்தை ஒப்படைக்கிறார். இவ்வாறு விதையிலிருந்து வளர்த்த செடிகள் காட்டின்மேல் விழும் கையைத் தடுக்கவும் உதவுகின்றன. மாமில்லாரியா ஹெரேரேயும் இன்று தோட்டங்களில் விதையால் பெருக்கப்படுகிறது. இடைநிலையில் நிற்பது நிலாக் காக்டஸ் என விற்கப்படும் செடி. ஜிம்னோகாலிசியம் என்னும் பேரினத்தில் பச்சையம் இல்லாமல் பிறந்த சிவப்பு, மஞ்சள் உருண்டைகளை வேறொரு பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டி உருவாக்கியது அது. ஒளியிலிருந்து உணவாக்கும் ஆற்றல் இல்லாத அந்த உருண்டை, தாங்கும் தண்டு ஓய்ந்தால் தானும் மடியும். இயற்கையில் முளைத்த சில நாட்களிலேயே அழிந்திருக்க வேண்டிய உயிர் அதனால் பிழைக்கிறது என்பதும் உண்மை. மனிதனின் விருப்பத்துக்காக என்றும் பிறரைச் சார்ந்தே வாழும்படி அது பெருக்கப்படுகிறது என்பதும் உண்மை. அத்தகைய செடியை வாங்கியவருக்கு வளர்க்கும் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

முள்ளின் நிறம் யாருக்காக என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். அது வெயிலுக்கும் குளிருக்கும் மேயும் வாய்க்கும் எதிராக அச்செடி தனக்காக ஏந்தியது. பூ தேனீக்காகவும் விதைக்காகவும் விரிந்தது. மனிதனைக் கருதாமல் எழுந்த அந்த அழகு அவன் கண்ணிலும் பட்டு இன்பம் அளிப்பது, கேளாமலும் உழைக்காமலும் கிடைத்த கொடை. தனக்கென்று உரிமையாகப் படைக்கப்பட்டதைக் காட்டிலும் இவ்வாறு எதிர்பாராமல் வந்ததற்கே நன்றி மிகுதியாக உரியது. அந்த நன்றி, கொடையளித்த உயிரை அதன் இடத்தில் வாழவிடுவதால் மெய்யாகும். காக்டஸ் வாங்க விரும்புவோர் இச்செடி விதையிலிருந்து வளர்ந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்ற ஒரு கேள்வியை விற்பவரிடம் கேட்க வேண்டும். தெளிவான விடை கிடைக்காவிடில், பார்த்த மகிழ்ச்சியோடு அதனை அங்கேயே விட்டுவர வேண்டும்.